வர்ணம் நீங்கிய பிறகு

நோன்பு நெருங்கும்போது சுவருக்கு வெள்ளையும் கதவுக்கு வர்ணமும் பூசுவது நம் குமரி மாவட்டத்து இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். கடற்காற்றின் உப்பும் இரு பருவ மழையும் எந்தப் பூச்சையும் நீண்ட காலம் விட்டுவைப்பதில்லை. பழைய அயனி மரக் கதவு ஒன்றைச் சுரண்டிப் பார்த்தால் பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே காவி என்று பாட்டனார் காலம்வரை அடுக்கடுக்காகத் தெரியும். பூசுவதைப் பற்றி நாம் நிரம்பப் பேசுகிறோம். பூசியதை அகற்றுவது பற்றியோ எவரும் நின்று சிந்திப்பதில்லை. அச்சிந்தனையை எனக்கு ஏற்படுத்தியவை, கட்டைவிரல் உயரமே உள்ள சில உலோகப் பொம்மைகள்.

தக்கலையில் வசிக்கும் என் தமக்கையின் மகன் இங்கிலாந்தில் மேற்படிப்பை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியபோது, ஓர் அட்டைப்பெட்டி நிறைய இவற்றைக் கொண்டு வந்தான். வில்லேந்திய வீரர்கள், குதிரைப் படையினர், கதைகளில் வரும் விந்தை உருவங்கள் என நாற்பதுக்கும் மேற்பட்டவை. மேசையின் மேல் போர்க்களம் அமைத்து, அளவுகோலால் அளந்து படைகளை நகர்த்தி ஆடுவது மேல்நாட்டில் பரவலான பொழுதுபோக்கு. எச்.ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியர் இத்தகைய ஆட்டத்துக்கு விதிகள் வகுத்து 1913-ல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். 1975-ல் தொடங்கப்பட்ட கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் நாட்டிங்ஹாம் நகரில் தலைமையகம் அமைத்து, இப்பொம்மைகளை உலகெங்கும் விற்று வருகிறது.

இக்கால ஆட்டங்களில் பகடையும் உருட்டுவார்கள் என்று அறிந்ததும் என் முகம் சுளித்தது. மருமகன் அதைக் கவனித்துவிட்டான். “ஆடுவதற்கு அல்ல மாமா, வர்ணம் தீட்டிச் சேர்த்து வைப்பதற்குத்தான்” என்றான்.

உருவப் பொம்மைகளை வீட்டில் வைக்கலாமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுவயதில் பொம்மைகளோடு விளையாடியதும், அவற்றுள் சிறகுள்ள குதிரை ஒன்று இருந்ததும் ஹதீஸில் காணக்கிடைக்கிறது. அறிஞர்களிடையே இது குறித்து நீண்ட விவாதம் உண்டு. அது இக்கட்டுரையின் நோக்கமன்று.

எங்கள் வீட்டு விவாதமோ வேறு. அவை பலர் கைமாறி வந்த பழம்பொருட்கள். ஒவ்வொருவரும் பூசிய வர்ணம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்து, முகத்தில் கண்ணும் மூக்கும் தெரியவில்லை. அனைத்தையும் நீக்கிவிட்டுப் புதிதாகத் தீட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. வீட்டிலோ மூன்று வயதுப் பேத்தி இருக்கிறாள். கைக்கு எட்டியது எதுவும் அவள் வாய்க்குத்தான் போகும். “தம்பி, பழைய பெயிண்டில் விஷம் இருக்குமாமே! இதைச் சுரண்டினால் தூள் வீடெல்லாம் பறக்காதா? நீயே இவனிடம் சொல்” என்றார் தமக்கை. தாயும் மகனும் இரண்டு நாட்களாக முகம் கொடுத்துப் பேசவில்லை. நடுவர் பொறுப்பு என்மீது விழுந்தது.

மதரஸாவில் பாடம் சொல்பவனுக்கு, கேள்வி வந்தால் படித்தறியாமல் பதில் சொல்லும் உரிமை இல்லை. ஆகவே ஒரு வார அவகாசம் கேட்டுக்கொண்டு, அத்துறை சார்ந்த செய்திகளைத் தேடிப் படித்தேன்.

வர்ணத்தை நீக்க முதலில் அறிய வேண்டியது, பொம்மை எதனால் ஆனது என்பதே. உலோகம் தாங்குவதைப் பிளாஸ்டிக் தாங்காது. நகப்பூச்சை அகற்றப் பயன்படும் அசிட்டோன், உலோகத்தின் மேலுள்ள வர்ணத்தை நொடியில் கரைக்கும். பிளாஸ்டிக் பொம்மையாயின் பொம்மையையே கரைத்துவிடும். பிரிட்டனில் பலர் டெட்டாலில் ஊறவைக்கிறார்கள். ஆனால் கழன்ற வர்ணத்தை டெட்டாலிலேயே அலசி நீக்குவதற்கு முன் தண்ணீர் பட்டால், அது பிசின்போல் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். நீரில் கரைத்துப் பூசும் அக்ரிலிக் வர்ணத்துக்கு ஏற்றது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். பெயரைக் கண்டு திகைக்க வேண்டாம். இது மதுபானம் அன்று, குடித்தால் நஞ்சு. எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்படியின் அருகே இதைத் திறக்கவே கூடாது. சில மணி நேரமோ ஓர் இரவோ ஊறினால், பழைய பல்துலக்கும் தூரிகையால் தேய்த்த அளவில் வர்ணம் தோல்போல் உரியும். உலர்ந்த நிலையில் கத்தியாலோ உப்புத்தாளாலோ சுரண்டுவது மட்டும் எக்காரணம் கொண்டும் ஆகாது.

இவ்வளவும் அறிந்த பிறகுதான், நாங்கள் இருசாராரும் அஞ்சாத ஒன்று கண்ணில் பட்டது. தமக்கை வர்ணத்தில் நஞ்சு இருக்குமோ என்று அஞ்சினார். மருமகன் வர்ணத்தை நீக்கினால் நஞ்சு நீங்கும் என்று எண்ணினான். உண்மையோ, 1990-களுக்கு முன் வார்க்கப்பட்ட இத்தகைய உலோகப் பொம்மைகள் பெரும்பாலும் ஈயம் கலந்தவை. பின்னரே ஈயமற்ற வெள்ளீயக் கலவைக்கு மாறினார்கள். ஒரு பொம்மையின் அடிப்பாகத்தில் 1985 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தது. வர்ணம் உதிர்ந்த மூலையை வெள்ளைத் தாளில் தேய்த்தபோது பென்சில் கோடுபோல் சாம்பல் நிறம் படிந்தது. இது முடிவான சோதனை அன்று. எனினும் எச்சரிக்கைக்குப் போதும். அப்படியானால், எதை அழுக்கு என்று நீக்கப் புறப்பட்டோமோ அந்த வர்ணமே இத்தனை காலம் நஞ்சுக்கும் பிள்ளையின் விரலுக்கும் நடுவே திரையாக நின்றிருக்கிறது!

ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று கூறத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கூற்று.

என் தீர்ப்பு இருவருக்கும் பாதி உவப்பாகவும் பாதி கசப்பாகவும் அமைந்தது. வேலை வீட்டினுள் வேண்டாம். குழந்தை வராத பின்கட்டில், கையுறையோடு நடக்கட்டும். ஊறவைத்த போத்தல் பின்னர் ஊறுகாய்க்குத் திரும்பக் கூடாது. கசடைத் தாளில் பொதிந்து கட்ட வேண்டும். கிணற்றோரத்திலோ குளத்திலோ கொட்டலாகாது. வர்ணம் நீங்கிய பொம்மை வெறும் மேனியோடு கிடக்கக் கூடாது. உடனே அடிப்பூச்சும் வர்ணமும் வார்னிஷும் ஏற்றி, கண்ணாடி அலமாரியில் உயரத்தில் வைத்துப் பூட்ட வேண்டும். இரண்டு பொம்மைகளின் மேல் வெள்ளைத் தூள் பூத்திருந்தது. மரப்பெட்டிகளிலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை அரிப்பதால் இவ்வாறு நேரும், அத்தூளும் நஞ்சே. அவற்றைத் தொடாமல் பொதிந்து ஒதுக்கிவிடச் சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னேன்: ஊறவைக்குமுன் ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொள். 1831-ல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில், கடற்சிங்கத்தை ஒத்த வால்ரஸின் தந்தத்தால் ஆன பழங்காலச் சதுரங்கக் காய்கள் கிடைத்தன. அவற்றுள் சில சிவப்புச் சாயம் ஏற்றப்பட்டிருந்தன என்பதை, அக்காலத்தில் ஒருவர் எழுதிவைத்த குறிப்பால்தான் இன்று அறிகிறோம், சாயம் மறைந்துவிட்டது. நம் தஞ்சைப் பெரிய கோயிலில், நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் கால ஓவியம் மறைந்திருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி 1931-ல் கண்டறிந்தார். பின்னர்த் தொல்லியல் துறையின் வேதியியலார் மேலடுக்கை அழிக்காமல் பெயர்த்து, தனிப் பலகையில் பொருத்திக் காத்தனர். அடியில் உள்ளது சிறந்தது என்பதற்காக மேலே உள்ளது குப்பையாகிவிடாது.

மருமகன் நான்கு பொம்மைகளை அப்படியே விட்டுவிட்டான். முகம் தெரியாத யாரோ ஒருவர், ஊசிமுனையளவுக் கண்ணில் வெள்ளைப் புள்ளி வைத்திருந்த நேர்த்தியை அழிக்க அவனுக்கு மனம் வரவில்லை.

இத்தகைய பொம்மைகள் நம் வாசகர்களில் பெரும்பாலோர் இல்லத்தில் இரா. ஆனால் பழைய கதவும் சன்னலும் மரத்தொட்டிலும் உண்டு. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-ல் வெளியாகி, 2017 நவம்பர் முதல் தேதியன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியவற்றில் ஈயம் மிகுதியாக இருக்க இடமுண்டு. பெருநாளைக்கு வர்ணம் பூச ஆள் வந்து உப்புத்தாளை எடுக்கும்போது, தாய்மார்களே, ஒரு வாளித் தண்ணீர் கொடுத்து நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை அன்றைக்கு அடுத்த வீட்டுக்கு அனுப்புங்கள். உதிர்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். மறுநாள் அந்தச் சன்னலைப் பிடித்துத்தான் உங்கள் குழந்தை நிற்கக் கற்றுக்கொள்ளப் போகிறது.