மஞ்சள் பையில் 22 செட்

சித்தப்பா விட்டுப்போன 22 நாணயச் செட்டுகளை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு எழும்பூரில் நடந்த நாணயக் கண்காட்சிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. இடம் என்னவோ கல்யாண மண்டபம்தான். பந்தி நடக்கும் கூடத்தில், இலை போடும் நீள மேஜைகள் மேல் சிவப்புத் துணி விரித்து வியாபாரிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

என் பையில் இருந்தவை எல்லாம் யூ.என்.சி. ரகம். அதாவது, புழக்கத்துக்கே போகாத காசு. அரசு நாணயச்சாலை புத்தம்புதிதாக அட்டையில் பதித்து, உறை போட்டு, முகமதிப்பைவிட அதிக விலைக்கு விற்பது. கண்ணாடி போல முகம் தெரியும் ‘ப்ரூஃப்’ செட் வேறு. அதன் விலையும் வேறு. சித்தப்பா டி.டி. எடுத்து அனுப்பிவிட்டு, தபால்காரருக்காகத் திண்ணையில் காத்திருப்பார். வந்ததும் ஒருமுறை பார்ப்பார், பீரோவில் வைத்துப் பூட்டுவார். “பின்னாடி ஆகும்டா” என்பார். அந்தப் ‘பின்னாடி’ இப்போது என் கையில்.

முதல் மேஜையில் இருந்தவருக்கு அறுபது வயதிருக்கும். சட்டைப் பையில் பூதக்கண்ணாடி. “அண்ணே, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?” என்று பையை நீட்டினேன். அவர் கைநீட்டி வாங்கக்கூட இல்லை. மேலே தெரிந்த அட்டையைப் பார்த்ததுமே, “2011 செட்டா?” என்றபடி மேஜைக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டியைக் காலால் நகர்த்திக் காட்டினார். அதே அட்டை. அடுக்கடுக்காக.

“வாங்கினவங்க ஒருத்தர்கூட இதத் தொலைக்கல தம்பி. எல்லாரும் பத்திரமா வச்சிருக்காங்க. அதான் பிரச்சனை.”

அவர் சொன்னது அடுத்த ஐந்தாவது நிமிடமே புரிந்தது. ஓர் இளைஞர் வந்து, 1995 தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்காக வெளியிட்ட திருவள்ளுவர் ஐந்து ரூபாய், தேயாததாக இருக்கிறதா என்று கேட்டார். அண்ணன் தனி டப்பாவைத் திறந்து, பஞ்சுக்குள் இருந்து எடுத்துக் கொடுத்தார். அது டீக்கடையிலும் பஸ்ஸிலும் கைமாறித் தேய்ந்த காசு. அதில் புதுக்கருக்கு அழியாமல் தப்பியதைத்தான் தேடுகிறார்கள். என் பையில் இருந்த எதுவும் எதிலிருந்தும் தப்பியது அல்ல.

இரண்டாவது மேஜைக்காரர் பொறுமைசாலி. பையைக் கவிழ்த்து, சீட்டு பிரிப்பதுபோல மூன்று குவியலாகப் பிரித்தார்.

முதல் குவியலில் மூன்றே மூன்று: 1981 உலக உணவு நாள், 1982 ஆசிய விளையாட்டுப் போட்டி, 1985 இந்திரா காந்தி. மூன்றிலும் 100 ரூபாய் நாணயம் உண்டு. ஒவ்வொன்றும் 35 கிராம், அதில் பாதி வெள்ளி. “இத மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, அவசரப்பட்டு யாருக்கும் குடுக்காதீங்க” என்றார். உருக்கலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் 2011 நாணயச் சட்டப்படி அது குற்றம்.

இரண்டாவது குவியலைப் பார்த்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. அட்டை கிழிந்துபோன நாலு செட்டைச் சித்தப்பா ஃபோட்டோ ஆல்பத்தின் பிளாஸ்டிக் பாக்கெட்டுகளுக்கு மாற்றியிருந்தார். காசின்மேல் பாசி படிந்ததுபோலப் பச்சைப் பிசுக்கு. பி.வி.சி. பிளாஸ்டிக் நாள்பட்டால் இப்படித்தான் கசியும், உலோகத்தை அரிக்கும். “சுத்தமான அசிட்டோன்ல போட்டு எடுங்க. ஜன்னல் தொறந்திருக்கணும், பக்கத்துல அடுப்பு கூடாது. தேய்க்கவே தேய்க்காதீங்க. சிலபேர் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டு வெளக்கிக் கொண்டாந்துடுவாங்க. அப்புறம் நான் என்ன செய்ய?”

மீதி பதினைந்து. வாங்கிய விலையில் பாதிகூடத் தேறாது என்றார். வைஷ்ணவி தேவி காசுக்கு லட்சக்கணக்கில் கொடுப்பதாக ஃபோனில் வருகிறதே என்றேன். சிரித்துவிட்டு, ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். 2012-இல் வந்த அந்த வைஷ்ணவி தேவி காசுகள் உள்ளே குவிந்து கிடந்தன. முன்பணமும் கமிஷனும் கேட்டு ஏமாற்றும் இந்தக் கூட்டத்தைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்தது.

செலவழித்துவிடலாமா? 2011 செட்டைப் பிரித்தால் கையில் நிற்பது 18 ரூபாய் 50 காசு. அதில் 50 காசு சட்டப்படி செல்லும், எங்கள் தெருக் கடையில் செல்லாது. பழைய செட்டுகளில் இருக்கும் 25 காசும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போய்விட்டன.

வாசலருகே, பத்து ரூபாய்க்கு ஒன்று எனக் கொட்டி வைத்திருந்த காசுத் தட்டில் ஒரு சிறுமி குனிந்து துழாவிக்கொண்டிருந்தாள். என்ன தேடுகிறாய் என்றேன். “வருஷத்துக்குக் கீழ வைரம் இருந்தா மும்பை, நட்சத்திரம்னா ஹைதராபாத், புள்ளின்னா நொய்டா, ஒண்ணுமே இல்லன்னா கொல்கத்தா, அங்கிள். எனக்கு நட்சத்திரம் வேணும்” என்றாள், தலை நிமிராமலே. அவள் அப்பாவிடம் கேட்டுக்கொண்டு பையைத் திறந்தேன். உறையைக் கிழிக்கும்போது, சித்தப்பா பார்த்துக்கொண்டிருப்பதுபோல விரல் கொஞ்சம் தயங்கியது, உண்மைதான். மூன்று செட்டை அவள் எடுத்துக்கொண்டாள். இன்னும் பன்னிரண்டு இருக்கின்றன. தெருப் பிள்ளைகளுக்குப் போகும்.

உங்கள் வீட்டுப் பீரோவிலும் இப்படி இருந்தால், விலை விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வெளிச்சத்தில் எடுத்துப் பாருங்கள். பச்சை தெரிந்தால் இன்றைக்கே உறையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள்.