வெயிலுக்கு விட்ட இடம்

இரும்பு வெயிலில் நீளும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அறிந்திருந்தும் அதனை மறந்த ஒருவன் செய்த பிழையை, அந்த ஒருவன் நானே ஆதலால், இங்கே எழுதத் துணிகிறேன்.

என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்து, மத்திய ரயில்வேயில் கேங்மேனாகப் பணியாற்றியவர். தாராவியில், மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் குடியிருப்பு. 1853 ஏப்ரல் 16ஆம் நாள் இந்தியாவின் முதல் பயணி ரயில் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு 34 கிலோமீட்டர் ஓடிற்று. அந்த வண்டி சென்ற தடத்தில்தான், ஒரு நூற்றாண்டுக்குப் பின் அவர் கடப்பாரையும் சம்மட்டியும் ஏந்தி நின்றார்.

கோடை விடுமுறையில் அவருக்குச் சோற்றுத் தூக்கை எடுத்துச் செல்வது என் வேலை. அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். ஒருநாள் விளையாட்டாகத் தண்டவாளத்தின்மேல் கையை வைத்துவிட்டு அலறினேன். தந்தையார் சிரித்தார். "நமக்குச் சுட்டா கையை எடுத்துக்கிடுவோம். அது எங்க போகும்? அதுக்குத்தான் சந்து விட்டிருக்கு" என்று, இரண்டு தண்டவாளங்கள் கூடும் இடத்தைக் காட்டினார். ஊரில் கொல்லர் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதை நான் பார்த்திருந்தேன். நெருப்பிலிட்ட பட்டை விரிந்து சக்கரத்தில் ஏறும்; தண்ணீர் ஊற்றியதும் சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். அதே கதைதான் இங்கும் என்று அவர் சொன்னபோது எனக்கு எளிதில் விளங்கிற்று.

கணக்கும் எளியதே. எஃகு ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் மீட்டருக்கு ஏறக்குறைய 0.0115 மில்லிமீட்டர் நீளும். 13 மீட்டர்த் தண்டவாளம் ஒன்று 30 பாகை சூடேறினால் நாலரை மில்லிமீட்டர் வளரும். கேட்பதற்கு அற்பம். ஆனால் ஒரு கிலோமீட்டர்ப் பாதையில் 35 சென்டிமீட்டர் ஆகிவிடும். நம் நகரமோ குளிர் வெயில் இரண்டையும் கண்டது. சாந்தாக்ரூஸ் வானிலை நிலையத்தில் 1952 ஏப்ரலில் 42.2 பாகை செல்சியஸும், 1962 ஜனவரியில் 7.4 பாகையும் பதிவாகியுள்ளன. வெயிலில் கிடக்கும் இரும்பின் சூடு காற்றின் சூட்டைவிட மிகுதி என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் தந்தையார் எனக்குக் கற்பித்த பெரிய பாடம் இதுவன்று. சந்து விட்டால் மட்டும் போதாது என்பதே அது. இரு தண்டவாளங்களையும் பக்கத்துக்கொன்றாகப் பிணைக்கும் பிஷ் பிளேட்டுகளின் இடையே துருவும் மண்ணும் ஏறினால் இணைப்பு இறுகிவிடும். பார்வைக்குச் சந்து இருக்கும். ஆனால் தண்டவாளம் நகராது. ஆகவே ஆண்டுதோறும் குளிர்காலத்தில் தகடுகளைக் கழற்றித் துடைத்து, எண்ணெய்ப் பசை தடவி, மீண்டும் பூட்டுவார்கள். "சந்து இருக்கான்னு பார்க்கக் கூடாது, சந்து உயிரோட இருக்கான்னு பார்க்கணும்" என்பார் அவர்.

இன்று சந்தே இல்லாமல் தண்டவாளங்களைக் கிலோமீட்டர்க் கணக்கில் பற்றவைத்து விடுகிறார்கள். பழைய 'தடக் தடக்' ஓசை குறைந்ததற்கு அதுவே காரணம். அப்படியானால் வெயில் தோற்றுவிட்டதா? இல்லை. நீள முடியாத இரும்புக்குள் அந்த விசை அடைந்து கிடக்கிறது. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம் 30 பாகை சூடேறினால், அதனுள் 50 டன்னுக்கு மேற்பட்ட அழுத்தம் பிறக்கும். அதை நெளியவிடாமல் பிடித்து நிறுத்துபவை கனத்த கான்கிரீட் சிலீப்பர்களும், அவற்றைச் சுற்றிக் குவித்த கருங்கல் ஜல்லியுமே. கடும் வெயில் நேரத்தில் அந்த ஜல்லியைக் கிளறலாகாது என்று விதி வைத்திருப்பது அதனாலேதான். விசைக்கு இடம் கொடுக்க வேண்டும். அன்றேல் நாற்புறமும் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் செய்யாவிடில் அது தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும்.

இனி என் பிழைக்கு வருகிறேன். நான் கட்டடத் தொழில் பயின்று, 1984இல் செம்பூரில் எழுந்த ஒரு குடியிருப்பில் மேற்பார்வையாளனாக இருந்தேன். 56 மீட்டர் நீளக் கட்டடம். கான்கிரீட்டும் ஏறக்குறைய எஃகைப் போலவே விரிவது. இரண்டும் ஒத்து விரிவதாலேதான் கம்பியும் கான்கிரீட்டும் ஒன்றாக வாழ்கின்றன. 25 பாகை மாற்றத்துக்கு அந்த நீளக் கூரை 14 மில்லிமீட்டர் அசையும். 45 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு நடுவில் இடைவெளி வேண்டும் என்பது நம் நாட்டுக் கட்டட நெறி. வரைபடத்தில் ஓர் அங்குல இடைவெளி இருந்தது; கட்டியபோதும் விட்டோம். ஆனால் வேலை நடக்கையில் சாந்தும் செங்கல் துண்டும் அதற்குள் விழுந்து இறுகின. முகப்பைத் தகட்டால் மூடுமுன் உள்ளே பார்க்க வேண்டியவன் நான். பார்க்கவில்லை; பார்த்ததாகக் கையெழுத்திட்டேன்.

அடுத்த மே மாதம் மேல்மாடிச் சுவர்களில் சாய்வாக விரிசல்கள் தோன்றின. ஜூனில் மழை வந்தது. ஓர் ஓரத்து வீட்டில் பூசையறைச் சுவர் நனைந்து, படங்களை எல்லாம் நடுக்கூடத்துக்கு மாற்றினார்கள். கலவையில் சிமெண்டைக் குறைத்துவிட்டார் என்று கொத்தனார்மேல் பழி விழுந்தது. அவர் தாராவிக்காரர், எங்கள் சீமைக்காரரும்கூட. அவர் கூலியை நிறுத்தி வேலையிலிருந்தும் நீக்கினார்கள். வேறு சிலர், சதுப்பு நிலம் ஆதலால் அஸ்திவாரம் இறங்கிவிட்டது என்று சொல்லி, பணம் செலவழித்துக் குழி தோண்டிப் பார்த்தார்கள். நான் வாய் திறக்கவில்லை.

ஓய்வு பெற்றிருந்த தந்தையார் ஒருநாள் என்னுடன் வந்தார். அஸ்திவாரக் குழியைப் பார்த்தார். மாடி ஏறி விரிசலையும் பார்த்தார். "ஏலே, அடி இறங்கியிருந்தா கீழ் வீடு பிளக்காதா? மேல மட்டும் எதுக்குப் பிளக்கணும்?" என்றார். உண்மைதான். மண்ணுக்குள் ஆழத்தில் வெப்பம் அதிகம் மாறுவதில்லை. அதனால் அஸ்திவாரத்தில் இந்த இடைவெளி தேவைப்படுவதும் அரிது. நாள் முழுதும் வெயில் குடிப்பது மேல்தளமே. பிறகு அவர் முகப்புத் தகட்டைத் தட்டிக் கேட்டார்: "இந்தச் சந்து உயிரோட இருக்கா?"

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆயினும் உண்மையைச் சொல்ல இன்னும் சில நாள் தயங்கினேன் என்பதையும் மறைக்கலாகாது. சொன்னேன். தகட்டைக் கழற்றி, இறுகிய சாந்தை உளியால் செதுக்கி எடுத்து, அழுந்தி மீளும் பொருளை நிரப்பினோம். விரிசல்களை அடைத்தோம். கொத்தனாரின் கூலியைப் பெற்று, தாராவியில் அவர் வீட்டுக்கு நானே கொண்டுசென்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு, "மூணு வாரமா யாரும் என்னை வேலைக்குக் கூப்பிடலை, சார்" என்றார். அந்த மூன்று வாரத்தை நான் எங்கிருந்து கொண்டுவந்து கொடுப்பது?

நம்மவரில் பலர் இன்று பழைய அறைகளை விட்டு உயர்ந்த கட்டடங்களில் குடியேறுகிறார்கள். உங்கள் கட்டடத்தின் இரு பகுதிகளுக்கு நடுவே ஒரு கோடு மேலிருந்து கீழ்வரை ஓடுமாயின், அது குறையன்று. கட்டடம் மூச்சுவிடும் இடம். அழகு கருதியோ ஒழுக்குக்கு அஞ்சியோ அதைச் சிமெண்டால் அடைத்துவிடாதீர்கள். மேல்தட்டையும் நிரப்பிய பொருளையும் ஆண்டுக்கொரு முறை, மழைக்கு முன் பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் கண்டால் உடனே ஒருவர்மேல் பழி சொல்லாதீர்கள். அது எந்த மாடியில் தொடங்குகிறது, காலைக்கும் நண்பகலுக்கும் அதன் அகலம் மாறுகிறதா என்று முதலில் பாருங்கள்.

தந்தையார் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. மே மாதத்தில் சயான் நிலையத்தில் வண்டிக்காக நிற்கும்போது, எதிரே வெயிலில் மின்னும் தண்டவாளத்தைப் பார்க்கிறேன். அதன் ஓரத்தில் இன்றும் யாரோ ஒருவர் குனிந்து நடந்து செல்கிறார். அவர் பார்த்துவிட்டதாகக் கையெழுத்திட்டால், உண்மையிலேயே பார்த்திருப்பார் என்ற நம்பிக்கையில்தான் நாம் அனைவரும் வண்டி ஏறுகிறோம்.