நாலு வயசு வரி

2025 அக்டோபர் முதல் வாரம். டி.வி.யில் கோல்ட்ரிஃப் சிரப் குடித்த குழந்தைகள் இறந்த செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கச்சி வீட்டு மருந்து டப்பாவிலிருந்து பாதி தீர்ந்த சளி சிரப் ஒன்றை எடுத்து நீட்டினாள். "அண்ணே, இது அந்த மருந்து இல்லைல்ல?"

இல்லை, வேறு கம்பெனி. ஆனால் கலவை அதேதான்: பாராசிட்டமால், குளோர்பெனிரமின், பினைலெப்ரின். எறும்பு வரிசை மாதிரி எழுத்து. போன் கேமராவில் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. தயாரானது 2023 நவம்பர். எங்கள் ஊரில் பால்கோவா டப்பாவில் எந்தக் கடை என்று பார்க்காமல் யாரும் காசு எடுக்க மாட்டார்கள். சிரப் பாட்டிலை இப்படித் திருப்பிப் பார்த்தது எனக்கே அன்றுதான் முதல் தடவை.

மறுநாள் ராஜபாளையத்தில் வேலை இருந்தது. தெரிந்த மெடிக்கலில் அண்ணாச்சியிடம் அதே பேரைச் சொல்லிக் கேட்டேன். அவர் கொடுத்த புது பாட்டிலில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: நான்கு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. தங்கச்சியின் சின்னவனுக்கு மூணு வயசு. ஒரே பேர், ஒரே மருந்து. இந்த வரி மட்டும் எப்போது வந்து ஒட்டிக்கொண்டது?

தேடிப் போனதில் முதலில் கிடைத்த தேதி 2023 டிசம்பர் 18. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சிரப்புகளின் லேபிளில் இந்த எச்சரிக்கையை அச்சிடச் செய்யுங்கள் என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி மாநிலங்களுக்கு எழுதிய நாள் அது. தங்கச்சி வீட்டு பாட்டில் அதற்கு முந்தின மாதத்தில் பிறந்தது. தப்பு யார்மேலும் இல்லை. வீட்டுக்கு வந்துவிட்ட பாட்டிலைத் தேடி எந்த உத்தரவும் வருவதில்லை, அவ்வளவுதான்.

கோல்ட்ரிஃப் கதை வேறு. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரேசன் பார்மா அதைத் தயாரித்தது 2025 மே மாதம். உத்தரவு வந்து ஒன்றரை வருஷம் கழித்தும் நாலு வயசு வரி அதில் இல்லை என்று செய்திகள் சொல்லின. எஸ்.ஆர்.-13 என்ற பேட்ச்சில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழ்நாட்டு ஆய்வகம் கண்டுபிடித்தது. அனுமதிக்கப்பட்ட அளவோ 0.1 சதவீதம். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். விஷத்தை எந்த லேபிளும் சொல்லாதுதான். ஆனால் அந்த ஒரு வரி இருந்திருந்தால், அதைப் படித்துச் சொல்லவும் ஒருவர் இருந்திருந்தால், சில வீடுகளிலாவது மூடி திறக்கப்பட்டிருக்காது என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அந்த ரசாயனத்தின் பேரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனை மரணங்கள், அதையும் தாண்டி 1937-இல் அமெரிக்கா. மாசங்கில் கம்பெனியின் எலிக்சிர் சல்பானிலமைடு நூறு பேருக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. அன்றைய சட்டப்படி, விஷ மருந்து விற்றார்கள் என்பதற்காக அதைப் பறிமுதல் செய்ய வழியில்லை! எலிக்சிர் என்றால் ஆல்கஹால் இருக்க வேண்டும். இதில் ஒரு சொட்டுகூட இல்லை. ஆகவே லேபிளில் பேர் தப்பு. அந்தப் பிடியை வைத்துத்தான் அதிகாரிகள் கடை கடையாக, வீடு வீடாக அலைந்து, தயாரான 240 கேலனில் 234-ஐ மீட்டார்கள். 'கரைசல்' என்று ஒட்டியிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மறு வருஷமே அங்கே புதுச் சட்டம் வந்தது.

இதையெல்லாம் இன்னொரு நாள் அண்ணாச்சியிடம் சொன்னேன். சத்திரப்பட்டி பேண்டேஜ் சுருள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "பாருங்க, நம்மூர்த் துணிக்கே பேட்ச் நம்பர் இருக்கு. வாபஸ்னு மெசேஜ் வந்தா அலமாரியில உள்ளதைக் கட்டி அனுப்பிருவேன். பில்லு வேண்டாம்னுட்டுப் போனவங்களை எங்க போய்த் தேட?"

தங்கச்சி அந்த சிரப்பைக் கொட்டிவிட்டாள். புது வரியைப் பற்றிச் சொன்னதும், "அதுவும் இங்கிலீஷ்தானே அண்ணே? பகல்ல மருந்து ஊத்துறது அத்தை" என்றாள். டப்பாவில் மிச்சமிருந்த பாட்டில்களை எடுத்து, எது யாருக்கு என்று வெள்ளைப் பிளாஸ்திரியில் தமிழில் எழுதி ஒட்ட ஆரம்பித்தாள். முதல் பிளாஸ்திரி பேட்ச் நம்பர்மேலேயே விழுந்தது. உரித்து, மறுபக்கம் ஒட்டச் சொன்னேன்.