அந்தப் பிழையை நான் பார்த்தேன்

வேலை போன பிறகு எப்படி எழுந்து நின்றீர்கள் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல நான் ஒரு கதை வைத்திருக்கிறேன். ஈய எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த கம்பாசிட்டர் ஒருவன், கம்ப்யூட்டர் வந்ததும் தெருவில் நின்றான். கற்ற தமிழைக் கைவிடாமல் புரூஃப் பார்க்கப் போனான். இன்று பதிப்பகங்கள் அவனைத் தேடி வருகின்றன. கல்லூரி மாணவர்களிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். கைதட்டினார்கள். சொன்ன வரைக்கும் அதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கதையின் நடுவில் ஒரு பெண் இருக்க வேண்டும். அவரை நான் எடுத்துவிட்டேன். அவருக்கு நான் செய்ததைச் சொல்லாமல் அவரைக் கதைக்குள் கொண்டுவர முடியாது என்பதுதான் காரணம்.

1970களின் தொடக்கத்தில் மதுரையில் ஓர் அச்சகத்தில் பையனாகச் சேர்ந்தேன். முதலில் கொடுத்த வேலை எழுத்துப் பிரித்துப் போடுவது. அச்சடித்து முடித்த பக்கத்தை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, ஒவ்வோர் எழுத்தையும் கேஸில் அதனதன் கட்டத்தில் திரும்பப் போட வேண்டும். தமிழில் 247 எழுத்து என்றாலும் கேஸில் அத்தனை கட்டம் கிடையாது. கொம்பும் காலும் தனியாகக் கிடக்கும். எடுத்து ககரத்தோடோ மகரத்தோடோ சேர்த்துக்கொள்ளலாம். கு, கூ, து, தூ என்று உகர ஊகாரம் ஏறிய எழுத்துகளுக்கு அந்த வசதி இல்லை, ஒவ்வொன்றும் தனி வார்ப்பு. கை பழகிய பிறகு எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைக் கொடுத்தார்கள். அதில் எழுத்து தலைகீழாக, இடம் வலம் மாறி நிற்கும். அதை அப்படியே படிக்கப் பழகிய கண்ணுக்கு, நேராக அச்சான தாளில் ஒரு பிழை இருந்தால் தேடவே வேண்டாம்.

மாற்றத்தைக் கண்டு மிரளுகிற ஆளாக நான் எப்போதும் இருந்ததில்லை. 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. பெரியார் 1935இலேயே குடி அரசில் புழங்கத் தொடங்கிய வடிவங்கள் அவை. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகளின் பழைய உருவம் போயிற்று. பட்டறையில் மூத்தவர்கள் முனகினார்கள். நான் சந்தோஷமாகப் பழைய வார்ப்புகளைப் பொறுக்கித் தனியாக எடுத்து வைத்தேன். அதே ஆண்டு ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் ஈய எழுத்தை நிறுத்திவிட்டுக் கணினிக்குப் போய்விட்டது என்பது, பல வருஷம் கழித்து ஒரு புத்தகத்துக்குப் புரூஃப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. 1978 மாற்றம் என் வேலையை லேசாக்கியது, அதனால் பிடித்திருந்தது. அடுத்த மாற்றம் என்னையே வேண்டாம் என்றது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முதலாளி ஒரு கம்ப்யூட்டரும் லேசர் பிரிண்டரும் வாங்கிக் கண்ணாடி அறையில் வைத்தார். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய ஒரு பெண் வேலைக்கு வந்தார். இருபது வயது இருக்கும். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நீ அந்தப் பிள்ளை பக்கத்துல உக்காந்து, கையெழுத்துப் பிரதி படிக்கச் சொல்லிக் குடு. அப்படியே நீயும் மெஷினைக் கத்துக்க. இனிமே இதுதான்" என்றார். இதைவிட நல்லதை யாரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது.

"இருபது வருசமா ஈயத்துல நிக்கிறவன், போயி ஒரு பொம்பளப் பிள்ளைகிட்ட உக்காந்து படிக்கவாண்ணே?" என்று பட்டறையில் எல்லார் காதிலும் விழும்படி கேட்டேன். லேசரில் எழுத்துக்கு அழுத்தம் இல்லை, ஈய எழுத்துப் பக்கத்தைத் தடவினால் விரலுக்குத் தெரியும் பதிவு இதில் வராது என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மைதான். ஆனால் எழுத்தின் அழகுக்காக நான் பேசவில்லை. சோறு போய்விடும் என்ற பயத்தில் பேசினேன்.

அந்தப் பெண் 'ர' வர வேண்டிய இடத்தில் சில சமயம் துணைக்காலைப் போட்டுவிடுவார். 'கௌ' எழுதும்போது கொம்பு, க, அப்புறம் ளகரம் என்று மூன்றாக அடிப்பார். பார்வைக்குச் சரியாகத்தான் தெரியும். நான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்து மற்ற கம்பாசிட்டர்களிடம் காட்டிச் சிரித்தேன். அவரிடம் சொல்லவில்லை.

ஒரு தை மாதம், முகூர்த்த நெருக்கடி. ஒரு கல்யாணப் பத்திரிகையை வாடிக்கையாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். போகிற போக்கில், தாத்தாக்களின் பெயர் வரிசையில் மட்டும் ஒரு திருத்தம் சொன்னார். மாப்பிள்ளையின் தாத்தா காலமானவர், அவர் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' இருந்தது. அந்தப் பெண் அந்த வரியை அப்படியே பிரதி எடுத்து, பெண் வீட்டுப் பக்கம் ஒட்டி, பெயரை மாற்றினார். முன்னால் இருந்த 'தெய்வத்திரு'வை மாற்ற மறந்துவிட்டார். கையெழுத்துப் பிரதியில் அங்கே வெறும் 'திரு'தான்.

தாளை என்னிடம் கொண்டுவந்து, "அண்ணே, ஒருதடவ பாத்துக் குடுங்கண்ணே. அவசரத்துல செஞ்சேன், எனக்கே நம்பிக்கை இல்ல" என்றார். வாங்கினேன். அந்த இடம் உடனே கண்ணில் பட்டது. பிழை கண்டால் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பது என் பழக்கம், வைத்தும் விட்டேன். பிறகு ரப்பரை எடுத்து அதை அழித்தேன். சற்று நேரம் கழித்து, "எனக்கு ஃபாரம் நிக்குது, பாக்க நேரமில்ல" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

500 பத்திரிகை அச்சாகிப் போயிற்று. இரண்டு நாளில் பெண் வீட்டார் வந்தார்கள். அந்தத் தாத்தாவே வந்திருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை, கூட வந்த பெண்கள்தான் அழுதார்கள். பேத்தி கல்யாணப் பத்திரிகையில் தன்னைச் செத்தவனாகப் படித்த மனுஷர். முதலாளி அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். எல்லாவற்றையும் திரும்ப அடித்துத் தந்தார். பிறகு பட்டறை நடுவில் அந்தப் பெண்ணை நிறுத்தித் திட்டினார். காகிதச் செலவு அவர் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கப்பட்டது.

நான் கேஸ் முன்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று எனக்கு வருத்தம் வரவில்லை. நிம்மதி வந்தது. இனி கம்ப்யூட்டரை நம்ப மாட்டார்கள் என்று நினைத்தேன். பிழையை மறைத்ததைவிட, அந்த நிம்மதியைச் சொல்லத்தான் எனக்கு இத்தனை வருஷம் வாய் வரவில்லை.

கம்ப்யூட்டர் எங்கும் போகவில்லை. இன்னொன்று வந்தது. 1995இல் ஈய எழுத்து முழுவதையும் எடைக்குப் போட்டார்கள். ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் கலந்த உலோகம் அது, உருக்கினால் மறுபடி காசு. டிரெடில் மெஷினை மட்டும் பில் புத்தகத்துக்கு நம்பர் அடிக்க வைத்துக்கொண்டார்கள், அதனால் மெஷின்மேன் தப்பித்தார். கம்பாசிட்டர்கள் எல்லோரும் வெளியே. நான் ஒரு மரக்கடையில் பில் எழுதினேன். என் மனைவியின் கழுத்தில் கிடந்தது அடகுக்குப் போய், மீளவில்லை.

அந்தப் பெண் இதற்குள் சொந்தமாக ஒரு சின்ன டி.டி.பி. கடை போட்டிருந்தார். 1997இல் ஒரு பையனை அனுப்பி என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, ஒரு புத்தகம் வந்திருக்கு. ஒற்று எனக்குப் பிடிபடல. பாத்துக் குடுப்பீங்களா? பக்கத்துக்கு இவ்வளவுன்னு தந்துடுறேன்" என்றார். பழைய பேச்சு எதுவும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. தாள்களை வாங்கிக்கொண்டு போனேன். என் 'புதிய வாய்ப்பு' வந்த விதம் இதுதான். நான் எந்தக் கதவையும் தட்டவில்லை.

வேலை எனக்கு அவ்வளவு பொருந்தியது. வலி மிகும் இடம் மிகாத இடம், நீளமான சொல்லை வரி ஓரத்தில் எங்கே உடைப்பது, துணைக்கால் தனியாகக் கழன்று அடுத்த வரியின் தலையில் போய் நிற்பது எல்லாம் பட்டறையில் கை வழியாகக் கற்றவை. முதலாளி சொல்லியும் கற்காத மெஷினை அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றேன். எனக்கு விரல் பழகும் வரை அவர் அலுத்துக்கொண்டதே இல்லை.

அந்தக் காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் குப்பையாக வரும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் பொதுத்தரம் வகுத்தது; 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. பதிப்பகங்கள் பழைய கோப்புகளையெல்லாம் மாற்றத் தொடங்கின. நான் ஒரு காலத்தில் காட்டிச் சிரித்த பிழைகள் அப்போதுதான் வெளியே வந்தன. துணைக்காலாக அடித்த 'ர', யூனிகோடில் சில இடங்களில் வட்டமும் காலுமாக உடைந்து தெரியும். ளகரம் வைத்து அடித்த 'கௌ'வைத் தேடினால் அகப்படாது. எது எங்கே ஒளிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சென்னைப் பதிப்பகங்களிலிருந்து வேலை குவிந்தது.

குவிந்தபோது அந்தப் பெண் கேட்டார்: "உங்களோட வேலை பாத்தவங்க யாராச்சும் இருக்காங்களாண்ணே? இன்னொரு ஆள் வேணும்." எங்கள் ஃபோர்மேன் இருந்தார். என்னைக் கையைப் பிடித்து ஸ்டிக் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். நன்னூல் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த வயதில் ஒரு துணிக்கடையில் ராத்திரி காவலுக்கு இருந்தார். "யாரும் இல்லம்மா" என்றேன். அவர் வந்தால் என் பக்கங்கள் பாதியாகும். அவர் அதே காவல் வேலையில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தார்.

போன வருஷம் கல்லூரியில் நான் என் கதையைச் சொன்னபோது, அந்தப் பெண் கடைசி வரிசையில் இருந்ததை முடிந்த பிறகுதான் பார்த்தேன். "நல்லாப் பேசுனீங்கண்ணே" என்றார். அன்று எனக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் கடைக்குப் போய்ப் பத்திரிகை விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும்ண்ணே" என்றார். "அந்தத் தாள்ல ரப்பர் வச்ச தடம் இருந்துச்சு. சரியா தெய்வத்திருவுக்கு நேரா. அவங்க வந்துட்டுப் போன அன்னைக்கே பாத்துட்டேன்."

"அப்புறம் ஏம்மா என்னையக் கூப்பிட்ட?"

"பிழை உங்க கண்ணுக்குத் தப்பாதுன்னு அன்னைக்குத்தான தெரிஞ்சுச்சு. எனக்கு அந்தக் கண்ணு வேணும், கூப்பிட்டேன். மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. எங்கப்பாவுக்கு மருந்து வாங்குற சம்பளம்ணே அது."

பிடித்த பணத்தைத் தரட்டுமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்காமல் விட்டேன், அது ஒன்றுதான் அன்று நான் சரியாகச் செய்தது. அவர் அடுத்த புரூஃபை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் வாங்கிப் பார்த்தேன்.

ஃபோர்மேன் விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது. நான் கம்ப்யூட்டரில் புரூஃப் பார்ப்பேனே தவிர, எழுதுவது இன்றைக்கும் பேனாவால்தான். இந்தத் தாள்களும் அவரிடம்தான் தட்டச்சுக்குப் போக வேண்டும். கொடுப்பதற்கு முன்னால் அதை நேரில் சொல்லிவிடுவேன். ஃபோர்மேனின் மகன் செல்லூரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அங்கேயும் போக வேண்டும்.