நீலச் சட்டைப் பையன்கள்



வருகிற ஜூன் மாதம் உலகக் கோப்பைக் கால்பந்து தொடங்குகிறது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்று நாடுகளிலும் சேர்த்து நடக்கிறது. பல ஆட்டங்கள் நம் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டித்தான் வரும். "பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிற மனுஷன் ராத்திரி இரண்டு மணிக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்து கத்தினால் நான் ஜவாப்தாரி இல்லை" என்று வீட்டில் இப்போதே சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். ஜூனில் எனக்கு 76 நிறைகிறது.

எனக்குப் பிடித்த அணி பிரான்சு. இதைச் சொன்னால் வெளியூர் நண்பர்கள் சிரிப்பார்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி புதுவை சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்கு வயது பன்னிரண்டு. படிப்பு முழுக்க பிரெஞ்சு வழியில். வாய்ப்பாடு கூட பிரெஞ்சில்தான் மனப்பாடம். இன்றைக்கும் மளிகைக் கணக்கை மனதுக்குள் பிரெஞ்சில்தான் கூட்டுகிறேன். எங்களுக்கு இலக்கணம் எடுத்த ஆசிரியர் ஒருவர், பாடம் சீக்கிரம் முடிந்துவிட்டால் 1958 உலகக் கோப்பையைப் பற்றிப் பேசுவார். ஜுஸ்த் ஃபோந்தேன் ஆறு ஆட்டங்களில் 13 கோல் போட்டதையும், ரெமோன் கோப்பா பந்தைக் கடத்திய விதத்தையும் சாக்பீஸால் கரும்பலகையில் வரைந்தே காட்டுவார். ஒரே உலகக் கோப்பையில் அந்த 13 கோலை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

"இந்திய அணியைப் பற்றி ஏன் எழுதுவதில்லை?" என்று கேட்பீர்கள். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் என்று இருந்த நாடு இன்று இருக்கிற இடம் தனிக் கதை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்று அந்த நீலச் சட்டைப் பையன்களைப் பற்றி மட்டும்.

இந்த அணியின் இளைஞர்கள் நாற்பது வருடமாக என்னைப் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. கையில் வித்தை இருக்கும், காலில் வேகம் இருக்கும், ஆனால் நாளைக்கு மைதானத்துக்கு வருவார்களா, வந்தாலும் ஒழுங்காக ஆடுவார்களா என்று சொல்ல முடியாது. அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் எழுத்தர் வேலை பார்த்தவனுக்கு இது தாங்காது. எங்களுக்கு முதல் தகுதியே பத்து மணிக்கு நாற்காலியில் இருப்பது.

மிகவும் ஏமாற்றியது 1987ஆம் வருடத்துப் பையன்கள். பென்ஸெமா, நஸ்ரி, பென் அர்ஃபா, மெனேஸ் - நால்வரும் அதே வருடம் பிறந்தவர்கள். 2004இல் 17 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பிய கோப்பையை, இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினைத் தோற்கடித்து வாங்கினார்கள். ஸிதான் ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். "ஒருவர் போகிறார், நான்கு பேர் வருகிறார்கள்" என்று நான் சந்தோஷப்பட்டேன்.

கணக்கைப் பாருங்கள். பிரான்சுக்காக மெனேஸ் ஆடியது 24 ஆட்டம். பென் அர்ஃபா 15. நஸ்ரி 41. 2012 ஐரோப்பிய கோப்பையில் ஸ்பெயினிடம் தோற்ற பிறகு நஸ்ரி ஒரு நிருபரோடு வாய்ச்சண்டை போட்டு மூன்று ஆட்டத் தடை வாங்கினார். மெனேசுக்கு ஓர் ஆட்டம் தடை. பென்ஸெமா ஒருவர்தான் 97 ஆட்டம், 37 கோல் என்று போனார். அவரும் ஒரு வழக்கு விவகாரத்தில் 2015 முதல் ஐந்தரை வருடம் தேசிய அணிக்கு வெளியே இருந்தார். 2022இல் தங்கப் பந்து விருது வாங்கினார். அடுத்த மாதமே காயம்பட்டு கத்தார் உலகக் கோப்பையைத் தவறவிட்டார். நால்வரும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கோப்பையைத் தூக்குவதைப் பார்க்கக் காத்திருந்தேன். நடக்கவில்லை.

நான் பணி ஓய்வு பெற்றது 2010 ஜூன் 30. அதற்குச் சரியாகப் பத்து நாள் முன்பு, தென்னாப்பிரிக்காவில் க்னைஸ்னா என்ற ஊரில், பிரெஞ்சு ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கு மறுத்து பஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டார்கள். பயிற்சியாளரைத் திட்டியதாக அனெல்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதற்காக வேலைநிறுத்தம்! அவர்கள் எழுதிக் கொடுத்த அறிக்கையைப் பயிற்சியாளர் தொமெனெக்கே நிருபர்கள் முன் படித்தார். என் சர்வீசில் பல வேலைநிறுத்தங்களைப் பார்த்திருக்கிறேன். ஊழியர்களின் கோரிக்கை மனுவை அதிகாரியே வாசலில் நின்று வாசித்துக் காட்டியதை மட்டும் பார்த்ததில்லை. மூன்று ஆட்டங்களில் ஒன்றிலும் ஜெயிக்காமல் ஊர் திரும்பினார்கள்.

அப்போது எல்லோரும் திட்டியது "இந்தக் காலத்துப் பையன்களை". புறநகர்ப் பையன்கள், பணத்திமிர், நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்றெல்லாம் பேசினார்கள். ஆனால் அனெல்காவுக்கு அப்போது வயது 31. அணித்தலைவர் எவ்ராவுக்கு 29. கால்பந்தில் இது பெரியவர்கள் வயது. பெரியவர்கள் செய்த காரியத்துக்குச் சின்னவர்களுக்கு மெமோ கொடுப்பது அலுவலகத்தில் மட்டும் நடப்பதல்ல என்று அன்று தெரிந்தது.

சின்னப் பையன்கள் காப்பாற்றிய நாட்களும் உண்டு. 1998 உலகக் கோப்பைக் காலிறுதி, இத்தாலியோடு. கோல் இல்லாமல் பெனால்டிக்குப் போனது. லிஸராஸு தவறவிட்டார். அடுத்து வந்தவர்கள் த்ரெசேகேவும் தியரி ஆன்ரியும் (டி.வி.யில் 'ஹென்றி' என்பார்கள், காதைப் பொத்திக்கொள்வேன்). இருவருக்கும் 20 வயது. இருவரும் போட்டார்கள். ஒன்பது நாள் கழித்து பிரேசிலை 3-0 என்று ஜெயித்த இறுதி ஆட்டம் நம் நேரப்படி இரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. மறுநாள் திங்கட்கிழமை. தூங்காமலே அலுவலகம் போனேன், பத்து மணிக்கே.

எட்டு வருடம் கழித்து 2006 இறுதி ஆட்டம், அதே இத்தாலி. அதே த்ரெசேகே அடித்த பெனால்டி மேல் கம்பத்தில் பட்டு வந்தது. 20 வயதில் நடுங்காத கால் 28 வயதில் தவறியது. 1986இல் பிரேசிலுக்கு எதிராக பிளாட்டினியே பெனால்டியை வெளியே அடித்தார், அதுவும் அவருடைய 31ஆவது பிறந்த நாளில். பெனால்டி என்பது அப்படித்தான். அதற்கு வயது தெரியாது, பிறந்த ஊரும் தெரியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2022 டிசம்பர் 18க்கு வர வேண்டும். கத்தாரில் அர்ஜென்டினாவோடு இறுதி ஆட்டம். எண்பதாவது நிமிடம் வரை 0-2. பிறகு எம்பாப்பே ஒன்றரை நிமிட இடைவெளியில் இரண்டு கோல் போட்டு, கூடுதல் நேரத்தில் மூன்றாவதும் போட்டார். 3-3. கடைசி நொடியில் கோலோ முவானி அடித்ததைக் கோல்கீப்பர் மார்ட்டினெஸ் காலால் தடுத்தார். பெனால்டியில் கோமான் அடித்ததும் தடுக்கப்பட்டது, த்சுவாமெனி வெளியே அடித்தார். தோல்வி.

அன்று இரவே அந்த மூன்று பேர் மேலும் சமூக வலைத்தளங்களில் நிறத்தைச் சொல்லி வசை. கோமான் பாரீசில் பிறந்தவர். அவர் குடும்பத்தின் பூர்வீகமான குவாதலூப் தீவு, பாண்டிச்சேரிக்கும் முன்பிருந்தே பிரான்சோடு இருக்கிறது. த்சுவாமெனி பிறந்தது ரூவானில். கோலோ முவானி பாரீசின் பக்கத்திலுள்ள போந்தியில். இவர்களை எந்த ஊருக்குத் திரும்பிப் போகச் சொல்கிறார்கள்?

இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது. என் பெரியப்பா சொல்தாவாக இந்தோசீனா போனவர். 1962க்குப் பிறகு கொடுத்த ஆறு மாத அவகாசத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே திண்ணையில் உட்கார்ந்து எடுத்த இரண்டு முடிவுகள். பெரியப்பா பிள்ளைகள் பிரான்சு போனார்கள், நான் புதுவை அரசில் எழுத்தரானேன். அண்ணனுடைய பேரன் பாரீசின் வடக்குப் புறநகரில் இருக்கிறான். அங்கே ஒரு சின்ன கிளப்பில் இடது பக்கத் தடுப்பு ஆட்டக்காரன். அந்த இறுதி ஆட்டத்துக்கு மறுநாள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. தமிழும் பிரெஞ்சும் கலந்துதான் பேசுவான்.

"தாத்தா, அந்தப் பெனால்டியை நான் அடிச்சு வெளியே போயிருந்தா, என்னை எங்கே போகச் சொல்வாங்க? பாண்டிச்சேரிக்கா?"

"வாடா ராஜா, உப்பளத்தில் பெரிய மைதானம் இருக்கிறது" என்றேன். சிரித்தான். போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அரசு வேலையில் சேர்ந்தால் இரண்டு வருடம் புரொபேஷன் உண்டு. அதை முடித்தால் சர்வீஸ் புக்கில் பதிவாகும். அதன் பிறகு ஒரு தவறு செய்தால் விளக்கம் கேட்பார்கள், தண்டனை கூடத் தருவார்கள். ஆனால் "நீ இந்த அலுவலகத்து ஆளே இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது. இந்தப் பையன்களுக்கு மட்டும் ஆயுள் முழுக்கப் புரொபேஷன். கோல் போட்டால் நிரந்தரம், தவறினால் மறுபடி முதலிலிருந்து.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் வரைந்த கோப்பா போலந்திலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளிக் குடும்பத்தின் பிள்ளை. ஃபோந்தேன் பிறந்தது மொராக்கோவின் மராக்கெஷில். பிளாட்டினியின் தாத்தா இத்தாலியிலிருந்து வந்தவர். 2006 அணியில் இருந்த விகாஷ் தொராசூ மொரிஷியஸ் வழியாக வந்த இந்திய வம்சாவளிக்காரர். அவர் மாற்று ஆட்டக்காரராகச் சில நிமிடங்கள்தான் இறங்கினார். எங்கள் தெருவில் அதற்கே கைதட்டினோம். வந்தவர்களைக் கழித்துவிட்டால் அந்த அணியின் சரித்திரத்தில் மீதி அதிகம் இருக்காது. இருந்தும் 2011இல், வேறு நாட்டுக்கும் ஆடக்கூடிய இரட்டைக் குடியுரிமைப் பையன்களைப் பயிற்சி மையங்களில் குறைக்கலாமா என்று கால்பந்துக் கூட்டமைப்புக்குள்ளேயே பேசிக்கொண்டது வெளியே வந்து பெரிய சர்ச்சையானது.

நிற்க. பையன்களுக்கும் நான் சொல்ல வேண்டியது உண்டு. 2024 ஐரோப்பிய கோப்பையை நினைத்தால் இன்னும் எரிச்சல். அரையிறுதி வரை ஆறு ஆட்டங்கள், மொத்தம் நான்கே கோல். அதில் இரண்டு எதிரணியினர் தங்கள் வலைக்குள்ளேயே போட்டுக்கொண்டது, ஒன்று பெனால்டி. ஓடுகிற ஆட்டத்தில் நம் பையன்கள் போட்டது ஒன்றே ஒன்று. இவ்வளவு வேகக்காரர்களை வைத்துக்கொண்டு பயிற்சியாளர் தெஷாம் பூட்டுப் போட்ட மாதிரி ஆட வைக்கிறார். அரையிறுதியில் ஸ்பெயினின் 16 வயது லாமின் யமால் தூரத்திலிருந்து ஒன்றை வளைத்துப் போட்டபோது, "நம்மிடமும் இப்படிப் பையன்கள் இருக்கிறார்களே, விடுங்களேன்" என்று டி.வி.யைப் பார்த்துச் சொன்னேன்.

விட்டால் என்ன ஆகும் என்பதை 2025இல் பார்த்தோம். மே 31, சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் பாரீஸ் அணிக்காக தெசிரே துவே என்ற 19 வயதுப் பையன் இரண்டு கோல். ஐந்து நாள் கழித்து ஸ்பெயினோடு தேசிய அணி பின்தங்கியிருந்தபோது, முதன்முறையாகச் சட்டை போட்டு மாற்றாக இறங்கினார் ரயான் ஷெர்கி. ஒரு கோல் போட்டார், ஆட்டம் 4-5 வரை வந்தது. தோற்றதுதான். ஆனாலும் வெகுநாள் கழித்து, தோற்ற பிறகும் நன்றாகத் தூங்கினேன்.

மைக்கேல் ஒலிசேவை எனக்குக் கூடுதலாகப் பிடிக்கும். லண்டனில் பிறந்தவர். அப்பா நைஜீரியர், அம்மா அல்ஜீரிய வேர் கொண்ட பிரெஞ்சுக்காரர். நான்கு நாடுகளில் எதற்கும் ஆடியிருக்கலாம். பிரான்சைத் தேர்ந்தெடுத்தார். எங்கள் பெரியப்பாவின் கையெழுத்துதான் ஞாபகம் வருகிறது.

இன்னொருவர் தெம்பேலே. 2017இல் பார்சிலோனா போவதற்காக, சம்பளம் தந்த டார்ட்மண்ட் கிளப்பின் பயிற்சிக்கு வராமல் இருந்து இடைநீக்கம் ஆனவர். பிறகு பார்சிலோனாவில் வருடக்கணக்கில் காயம். இவரும் 1987 பையன்கள் வழியில் போகிறார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 28 வயதில், எதிரணி கோல்கீப்பரைக்கூட விடாமல் ஓடிப்போய் நெருக்குகிற உழைப்பாளியாக மாறி, 2025 தங்கப் பந்து விருதை வாங்கினார். திருந்துவதற்கு நேரம் கொடுத்தார்கள், அவரும் அதை வீணாக்கவில்லை.

இந்த முறை பிரான்சு இருக்கும் பிரிவில் செனகலும் நார்வேயும் இருக்கின்றன. செனகல் என்றாலே 2002 ஞாபகம். நடப்புச் சாம்பியனாகப் போய் முதல் ஆட்டத்திலேயே அவர்களிடம் 0-1 தோற்று, ஒரு கோல் கூடப் போடாமல் திரும்பியதை மறக்க முடியுமா? இந்தப் போட்டியோடு தெஷாம் விடைபெறுகிறார். அதற்குப் பிறகும் ஆடப்போகிறவர்கள் இந்தப் பையன்கள்தான்.

அவர்களிடம் எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. நேரத்துக்கு வாருங்கள். பந்து பறிபோனால் இடுப்பில் கை வைத்து நிற்காமல் திரும்பி ஓடுங்கள். பெரியவர்கள் பஸ்ஸில் உட்காரச் சொன்னாலும் இறங்கிப் போய் ஆடுங்கள். ரசிகர்களிடம் வேண்டியதும் ஒன்றுதான். பெனால்டி தவறினால் பெனால்டியைத் திட்டுங்கள், அந்தப் பையனின் தாத்தா எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

அண்ணன் பேரனுக்கு இப்போது பதினைந்து வயது. பெரிய பயிற்சி மையத்துக்கான தேர்வில் அவன் தேறவில்லை. கொஞ்ச நாள் பூட்ஸைக் கட்டாமல் இருந்தான். இப்போது மறுபடி போகிறான். போன வாரம் அவன் கிளப் ஆட்டத்தில் பெனால்டி கிடைத்ததாம். "நான் அடிக்கிறேன் என்று கையைத் தூக்கினேன் தாத்தா" என்றான். போட்டாயா என்று நான் கேட்கவில்லை.