வீட்டை இழுத்துக்கொண்டு ஒரு பயணம்

கனடாவில் கோடை காலம் வந்துவிட்டால் நெடுஞ்சாலைகளில் வீடுகள் ஓடத் தொடங்கிவிடும். உண்மையாகத்தான் சொல்கிறேன், சகோதரிகளே. கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், மலசலகூடம் எல்லாம் அடங்கிய பெரிய பெட்டி ஒன்றைப் பிக்கப் வாகனத்தின் பின்னால் கொழுவிக்கொண்டு, குடும்பம் குடும்பமாக ஏரிக்கரைகளுக்கும் காடுகளுக்கும் போகிறார்கள். அந்தப் பெட்டியை அங்குள்ள எமது ஆட்கள் ட்ரெயிலர் என்கிறார்கள். போய்த் தங்கும் இடத்துக்குப் பெயர் முகாம். அங்கே ஓர் இரவு தங்குவதற்குக் காசும் கட்டவேண்டும்.

முகாம் என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது வேறு. மெனிக்பாமில் 2009 இல் நாம் இருந்ததற்கு எவரும் காசு வாங்கவில்லை. வெளியே போகவும் விடவில்லை. ஆகவே, விருப்பத்தோடு முகாமுக்குப் போகிறவர்களைப் பார்க்க எனக்கு முதலில் விசித்திரமாகவே இருந்தது. ஆனால் 2023 ஜூலையில் என் அக்காவோடு அப்படியொரு பயணம் போய்வந்தபின், அதில் எமக்குப் பயன்படும் விடயங்கள் சில இருப்பதைக் கண்டேன். முக்கியமாக டீசல் கணக்கு.

அக்கா 2001 இல் திருமணமாகிக் கனடா போனவர். வசிப்பது ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில். அத்தான் வீடுகளுக்குத் தரை பதிக்கும் வேலை செய்தவர். 2020 இல் மாரடைப்பால் காலமானார். அவர் விட்டுச் சென்றது ஒரு மகளையும் ஒரு டீசல் பிக்கப்பையும்தான். அக்கா பாடசாலை பஸ் ஓட்டுகிறார். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் பாடசாலை இல்லை. ஆகவே சம்பளமும் இல்லை. மகள், அதாவது என் பெறாமகள், செப்டெம்பரில் வேறொரு நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போகவிருந்தாள். சுப்பீரியர் ஏரியைக் காட்டுவதாக அத்தான் அவளுக்குச் சொல்லியிருந்தாராம். அதைத் தான் நிறைவேற்ற வேண்டும் என்பது அக்காவின் எண்ணம்.

ட்ரெயிலரை அத்தானின் நண்பர் ஒருவர் இரவலாகத் தந்தார். இருபதடி நீளம், வெறுமையாகவே 2,000 கிலோவுக்கு மேல். அகாவா குடா என்ற இடத்தில் நான்கு இரவுக்கு இடம் பதிவு செய்தாயிற்று. ஸ்காபரோவிலிருந்து அங்கே ஏறத்தாழ 840 கிலோமீற்றர். போக, வர, அங்கே சுற்றிப் பார்க்க என்று மொத்தம் 1,740 கிலோமீற்றர். அக்கா ஒரு கடித உறையில் 500 டொலர் வைத்தார். "டீசலுக்கு இவ்வளவுதான். வாடகைக் காசில கை வைக்கமாட்டன்" என்றார்.

ஒன்ராறியோ மாகாணத்தின் தெற்குப் பகுதி வயலும் தொழிற்சாலையுமாக இருக்கும். வடக்கே போகப்போகப் பாறையும் பைன் மரங்களும் சிறு ஏரிகளுமாக மாறிவிடும். பாறைகளை வெடிவைத்துப் பிளந்து வீதி போட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய 400 கிலோமீற்றர் ஓடி, நிக்கல் சுரங்கங்களுக்குப் பெயர்போன சட்பரி நகருக்கு வந்தோம். அங்கே தாங்கியை மறுபடி நிரப்பியபோது 84 லீற்றர் பிடித்தது.

அக்கா கணக்குக் கொப்பியை எடுத்தார். நூறு கிலோமீற்றருக்கு 21 லீற்றர். அவர் போட்டிருந்த மதிப்பு 17. டீசல் விலை வடக்கே கூட என்பதால், சராசரி ஒரு லீற்றர் 1.65 டொலர் என்று வைத்தார். இதே மாதிரி ஓடினால் 602 டொலர் வரும். நூறு டொலருக்கு மேல் துண்டு விழுகிறது.

"பக்கத்தில இருக்கிற ஏதாவது ஏரிக்குப் போவம், அம்மா" என்றாள் மகள். முகம் வாடித்தான் இருந்தது. அக்கா ஒன்றும் பேசவில்லை. இறங்கிப்போய் ட்ரெயிலரைச் சுற்றி ஒருதரம் நடந்து பார்த்தார். பிறகு கதவைத் திறந்தார்.

முதலில் அகப்பட்டது தண்ணீர். ட்ரெயிலரின் தாங்கியில் 150 லீற்றர் தண்ணீர் நிறைந்திருந்தது. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. முகாமில் குழாய்த் தண்ணீர் இருக்கும்போது 150 கிலோவை எதற்கு இழுக்கவேண்டும்? குடிக்க ஒரு கான் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் திறந்துவிட்டோம். இரண்டாவது, கூரையில் கட்டியிருந்த இரண்டு சைக்கிள்கள். அவை பாரத்தால் அல்ல, காற்றைத் தடுப்பதால் டீசலைக் குடிப்பவை. அவற்றை இறக்கி உள்ளே நிலத்தில் படுக்கவைத்தோம்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தபோது அக்கா திடீரென்று கேட்டார்: "அந்த நேரம் பெட்டியில என்னத்தை ஏத்தினனீங்கள்? என்னத்தை விட்டனீங்கள்?"

பதினான்கு வருடங்களாக அவர் கேட்காத கேள்வி. 2009 தையில் தருமபுரத்திலிருந்து நாங்கள் வெளிக்கிட்டபோது மூன்று குடும்பத்துக்கு ஓர் உழவு இயந்திரப் பெட்டி. டீசல் தங்க விலை விற்ற நேரம். மெசின்காரர் ஐந்து லீற்றர்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அரிசி, கிணற்று வாளி, தறப்பாள், தையல் மெசின் ஏறின. அலுமாரி, கட்டில், ஆட்டுக்கல் நின்றுவிட்டன. அக்காவின் சைக்கிளும் நின்றுவிட்டது. தையல் மெசின் பாரமான சாமான்தான். ஆனால் "இதை வைச்சுச் சீவிக்கலாம்" என்று அம்மா விடாப்பிடியாக ஏற்றினார். அப்பா பாரமான மூட்டைகளைச் சக்கரத்துக்கு மேலே அடுக்கினார். புதுக்குடியிருப்பு வரை வந்தது. அங்கே டீசல் முடிந்தது. பெட்டியும் மெசினும் அங்கேயே நின்றன.

அக்கா கேட்டுக்கொண்டே ட்ரெயிலருக்குள் ஏறினார். அரிசி மூட்டை, இரும்புச் சட்டி, போத்தல் பெட்டி எல்லாவற்றையும் பின்பக்கத்திலிருந்து இழுத்து, சக்கரங்களுக்கு மேலேயும் சற்று முன்னாலேயும் அடுக்கினார். "அப்பா அடுக்கின மாதிரி" என்றார்.

அப்பா செய்தது சரியான முறை. ட்ரெயிலர் நிறையில் பத்திலிருந்து பதினைந்து வீதம் கொழுவி மீது அமரவேண்டும் என்பது அங்குள்ள விதி. பின்பக்கம் பாரம் கூடினால் வேகத்தில் ட்ரெயிலர் வால் ஆட்டத் தொடங்கும். வாகனமே பிரளக்கூடும். ஆகவே, எதை ஏற்றுகிறோம் என்பதைப் போலவே எங்கே ஏற்றுகிறோம் என்பதும் முக்கியம்.

அன்றிரவு சட்பரிக்கு அருகில் தங்கி, காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டோம். ஓடுவதற்கு முன், ரயர்கள் குளிர்ந்திருக்கும்போதே காற்று அளந்தார் அக்கா. ட்ரெயிலரின் இரண்டு ரயர்களில் குறைவாக இருந்தது. காற்றுக் குறைந்த ரயர் தரையோடு அமுங்கி உருளும்; அதை உருட்ட இயந்திரம் கூடுதலாக உழைக்கவேண்டும். அதிகமாகச் சூடேறி வெடிக்கவும் கூடும்.

அடுத்தது வேகம். முதல் நாள் மற்ற வாகனங்களோடு ஒத்து 105 இல் ஓடினோம். இரண்டாம் நாள் 85 இல் ஓடினோம். காற்றுத் தடை வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். ட்ரெயிலரின் முன்பக்கம் ஒரு சுவர் போன்றது. அந்தச் சுவரைக் காற்றுக்குள் தள்ளிக்கொண்டு போவதில்தான் டீசலின் பெரும்பங்கு செலவாகிறது. அதிகாலையில் புறப்பட்டதும் காற்று அடங்கியிருக்கும் என்பதற்காகத்தான். சட்பரியிலிருந்து அகாவா குடாவுக்கு 440 கிலோமீற்றர். 85 இல் ஓடியதால் ஒரு மணித்தியாலம் பிந்தினோம், அவ்வளவுதான். பின்னால் வாகனங்கள் சேர்ந்தபோது ஒதுங்கி வழிவிட்டோம்.

பாடசாலை பஸ் ஓட்டியதில் படித்த பழக்கங்களும் அக்காவிடம் இருந்தன. மெதுவாக வேகம் எடுப்பார். தூரத்தில் சிவப்பு விளக்கைக் கண்டதும் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்துவிடுவார். பிரேக் பிடிப்பது குறைவு. நிறுத்தினால் இயந்திரத்தை நிற்பாட்டிவிடுவார். சூ சென் மேரி நகரில் தாங்கியை நிரப்பினார். அங்கிருந்து வடக்கே எரிபொருள் நிலையங்கள் அரிது, விலையும் கூட.

அந்நகரைத் தாண்டியபின் மொன்றியல் ஆற்றடியில் செங்குத்தான நீண்ட மேடு ஒன்று வருகிறது. ஏறும்போது கியரைக் குறைத்து ஆறுதலாக ஏறினார். இறங்கும்போதும் கியரில்தான் இறங்கினார். எமது ஊரில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறக்குவோர் உண்டு. அது தவறு. இன்றைய டீசல் இயந்திரங்கள் கியரில் இறங்கும்போது எரிபொருளைத் தாமே நிறுத்திக்கொள்கின்றன. நியூட்ரலில்தான் டீசல் எரியும். அதோடு முழுப்பாரமும் பிரேக்கில் விழுந்து, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

மத்தியானத்துக்குப் பின் மரங்களுக்கு நடுவே அந்த ஏரி தெரிந்தது. ஏரி என்று சொல்ல வாய் வரவில்லை. முல்லைத்தீவுக் கடற்கரையில் நிற்பது போலிருந்தது. உப்பு மணம் மட்டும் இல்லை. பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி இதுதான். 82,000 சதுர கிலோமீற்றருக்கு மேல். எமது இலங்கை முழுவதும் 65,610 சதுர கிலோமீற்றர். அதாவது எங்கள் நாட்டை அப்படியே அதற்குள் வைத்துவிடலாம். மிக ஆழமான இடத்தில் 406 மீற்றர். ஜூலையிலும் தண்ணீர் காலை விறைக்கவைத்தது. என் பெறாமகள் இடுப்பளவு தண்ணீரில் நின்று சத்தமாகச் சிரித்தாள். அக்கா கரையில் கூழாங்கற்களுக்கு மேல் இருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு நாட்களும் ட்ரெயிலரை முகாமிலேயே விட்டுவிட்டு, பிக்கப்பில் மட்டும் சுற்றினோம். அருகிலே ஏரியை ஒட்டிய செங்குத்தான பாறையில் ஒஜிப்வே ஆதிக்குடி மக்கள் செங்காவியால் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. வள்ளங்கள், குதிரையில் ஒரு மனிதன், கொம்புள்ள ஒரு நீர்த்தெய்வம். பாறை விளிம்பில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்க்கவேண்டும். ஏரி அமைதியாக இருக்கும் நாளில்தான் போகலாம். இந்த நிலமெல்லாம் அந்த மக்களுடையதாக இருந்தது. வெள்ளையர் வந்தபின் அவர்கள் சிறு சிறு ஒதுக்கிடங்களுக்குள் அடக்கப்பட்டார்கள். அந்தக் காவி நிறத்துக்கு முன்னால் நாங்கள் மூவரும் கனநேரம் பேசாமல் நின்றோம்.

திரும்பி ஸ்காபரோ வந்து கடைசியாகத் தாங்கியை நிரப்பியதும் அக்கா கொப்பியை முடித்தார். சட்பரிக்குப் பின் ஓடிய 1,340 கிலோமீற்றருக்கு 208 லீற்றர். நூறு கிலோமீற்றருக்கு 15.5 லீற்றர். மொத்தச் செலவு 482 டொலர். உறையில் 18 டொலர் மிஞ்சியது. முதல் நாள் ஓடியபடியே ஓடியிருந்தால் 120 டொலர் கூடப் போயிருக்கும். அந்த நாட்களின் எமது காசில் ஏறக்குறைய 28,000 ரூபா. புதிதாக எந்தக் கருவியும் வாங்காமல் மிச்சம் பிடித்த காசு இது.

கனடாவில் ட்ரெயிலர் இழுப்பவர்களுக்குரிய கதை எமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 2021 டிசம்பரில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல், 2022 ஜூன் கடைசியில் 460 ரூபாவாக ஏறியதை நாம் மறக்கவில்லை. நெல்லுக்கும் கச்சானுக்கும் விறகுக்கும் கல்லு மண்ணுக்கும் எமது கிராமங்களில் பெட்டிதான் ஓடுகிறது. வாடகை பேசும்போது டீசல் கணக்கை மெசின்காரர் சொல்வார், நாம் தலையாட்டுவோம். பெண் தலைமை தாங்கும் குடும்பங்களில் இந்தக் கணக்கு தெரியாததால் வீணாகும் காசு அதிகம்.

லான்ட்மாஸ்டர் ஆறுதலாக ஓடுவது; அதற்குக் காற்றுத் தடை பெரிய விடயமல்ல. அங்கே கவனிக்க வேண்டியவை வேறு. பெட்டியின் ரயரில் காற்றுக் காணுமா, சக்கரப் பெயறிங்கிற்குக் கிறீஸ் போட்டதா, எயார் பில்டர் துப்புரவா, திரும்பி வரும்போது பெட்டி வெறுமையாக வருகிறதா என்று பாருங்கள். மண்ணெண்ணெய் கலக்க விடாதீர்கள். டீசலில் உள்ள வழுவழுப்பு அதில் போதாது, பம்ப் தேய்ந்து பழுதாகும்.

ஊர் திரும்பியபின், நான் வேலை செய்யும் கிராமத்தில் கச்சான் பயிரிடும் ஐந்து பெண்களோடு இதைப் பேசினேன். முன்பு ஐந்து பேரும் ஐந்து நாளில் ஐந்து தடவை பெட்டி பிடித்தார்கள். இப்போது ஒரே நாளில் இரண்டு தடவையில் எல்லா மூட்டையும் சந்தைக்குப் போகிறது. திரும்பும் பெட்டியில் பசளையும் வீட்டுச் சாமானும் வருகின்றன. புறப்படும்போது தாங்கியை நிரப்பி, வந்ததும் மறுபடி நிரப்பி, பிடித்த லீற்றரை ஒரு கொப்பியில் எழுதுகிறார்கள். கொப்பி அவர்களில் மூத்தவரிடம் இருக்கிறது. எழுத்து வாசனை குறைந்தவர் அவர்; ஆனால் எண்கள் நன்றாக எழுதுவார். போன போகம் வாடகை பேசியபோது அவர் அந்தக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டுதான் பேசினார். மெசின்காரரும் அதைப் பார்த்துத்தான் விலை சொன்னார்.

உங்கள் ஊரிலும் ஒரு கொப்பி தொடங்குங்கள், சகோதரிகளே.