காரமில்லாத மிளகாய் எங்கே கிடைக்கும்? ஹங்கேரி லெச்சோவும் எங்கள் பர்கூர் சமையலறையும்!

மிளகாய் என்றால் காரம் மட்டும்தானா? மணமும் இனிப்பும்கூட உண்டு என்பது எங்கள் வீட்டுக்குத் தெரிந்ததே அப்பாவுக்கு வயிற்றுப்புண் வந்த பிறகுதான்.

"காரத்தை நல்லா குறைங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். களிக்குக் காரச்சட்னி தொட்டே வளர்ந்தவர் அப்பா. அம்மா தனியாகப் பத்தியக் குழம்பு வைப்பார். அப்பா எங்களுக்கு முன்பே உட்கார்ந்து, நாலு வாயில் முடித்துவிட்டு எழுந்துவிடுவார். சாப்பாட்டைவிட அந்தத் தனித்தட்டுதான் அவரை வாட்டியது.

வேலைக்காக வெளிநாட்டுச் சமையல்களைத் தேடியபோது ஹங்கேரியின் 'லெச்சோ' கண்ணில் பட்டது. வெங்காயம், தக்காளி, காரமில்லாத மிளகாய்... இவ்வளவுதான். இளமஞ்சளாக, கூம்பு போல இருக்கும் இனிப்பு மிளகாயை அங்கே போடுவார்கள். பர்கூரில் அதற்கு எங்கே போவது?

நமக்குக் கைகொடுப்பது குடைமிளகாய். ஓசூர், தளி பக்கம் பசுமைக்குடில்களில் கலர் குடைமிளகாய் விளைகிறது. பச்சை நிறத்தில் இருப்பது பழுக்காத காய், லேசாகக் கசக்கும். மஞ்சளும் சிவப்பும் செடியிலேயே பழுத்தவை, இனிக்கும். லெச்சோவுக்கு மஞ்சள்தான் சரி.

பார்வைக்கு ஹங்கேரி மிளகாயின் சாயல் பஜ்ஜி மிளகாயில்தான் இருக்கிறது. ஆனால், பத்தில் ஒன்று காரம் காட்டிவிடும். காரம் இருப்பது விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, காம்புப் பக்கம் ஒரு துளி கிள்ளி ருசி பாருங்கள். நாங்கள் மூன்று பங்கு மஞ்சள் குடைமிளகாய்க்கு ஒரு பங்கு பஜ்ஜி மிளகாய் சேர்க்கிறோம். மணத்துக்கு அது போதும்.

அடுத்து, பாப்ரிகா பொடி. அதற்குப் பக்கத்து மாநிலமே பதில் சொல்கிறது. கர்நாடகாவின் ஹாவேரி மாவட்டத்து பியாடகி மிளகாய், 2011-ல் புவிசார் குறியீடு பெற்றது. நிறம் அடர்சிவப்பு, காரம் குறைவு. விதை நீக்கிப் பொடித்து, அரை ஸ்பூன் போட்டால் நிறம் வந்துவிடும்.

வெங்காயத்தை எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, அடுப்பை அணைத்த பிறகே பொடியைப் போடுங்கள். தீயில் கருகினால் கசக்கும். பிறகு அரை கிலோ மிளகாய்த் துண்டுகள், கால் கிலோ தக்காளி சேர்த்து, தண்ணீர் ஊற்றாமல் மூடி, சிறுதீயில் வேகவிடுங்கள். புளிப்பும் அப்பாவுக்கு ஆகாது என்பதால் நாங்கள் தக்காளியைப் பாதியாக்கிவிட்டோம்.

"என்ன பாப்பா, மிளகாய்க் குழம்புங்கற... உறைக்கவே இல்லையே?" என்றார் அப்பா, இரண்டாவது களி உருண்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டே. அன்று எல்லோருக்கும் ஒரே குண்டான்தான்.

உங்கள் வீட்டிலும் ஒரு தனித்தட்டு இருக்கிறதா? டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, இந்த வாரம் ஒரு மஞ்சள் குடைமிளகாய் வாங்கிப் பாருங்களேன்!